1500 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன், வீட்டில் ஜூஸர் வாங்கலாமா?

காரைக்குடி தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். காவலர் தேர்வுக்குக் காலையில் கிரவுண்டு, சாயங்காலம் ஜிம் என்று போய்க்கொண்டிருக்கிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கி வேகம் விழுந்துவிடுகிறது. எடை 62 கிலோ. சிங்கப்பூரில் இருக்கும் மாமா ஒரு கோல்ட் பிரஸ் ஜூஸர் வாங்கித் தருகிறேன் என்கிறார். ஜிம்மில் ஓர் அண்ணன், காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ரெண்டு டம்ளர் ஜூஸ் குடி, உடம்பு சுத்தமாகும் என்கிறார். அப்பத்தா அதைக் கேட்டதிலிருந்து ஒரே சண்டை, ஓடிவிட்டு வருகிற பிள்ளைக்கு வெறும் தண்ணியா என்று. மிக்ஸி இருக்கும்போது ஜூஸர் தேவையா? எதை, எப்போது குடித்தால் ஓட்டத்துக்கு உதவும்?

பழைய ஓட்டக்காரன், பள்ளத்தூர்:
தம்பி, ஓட்டத்துக்கு என்று கேட்டால் எனக்குத் தெரிந்து ஜூஸில் நம்பிச் சொல்லக்கூடியது பீட்ரூட் ஒன்றுதான். அதில் இருக்கும் நைட்ரேட்டை நம் நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, அதே வேகத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆக்சிஜன் போதும் என்றாகிறது. 2009-ல் இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் 8 ஆண்களுக்குத் தினம் அரை லிட்டர் பீட்ரூட் ஜூஸ் ஆறு நாள் கொடுத்துப் பார்த்தார்கள், கடினமான சைக்கிள் பயிற்சியில் களைத்து நிறுத்தும் நேரம் 16 சதவீதம் தள்ளிப்போனது. அதற்காக உன் 7 நிமிடத்தில் 16 சதவீதம் குறையும் என்று கணக்குப் போடாதே, ஓட்ட நேரத்தில் கிடைப்பது ரொம்பச் சின்ன லாபம். ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் குடிக்க வேண்டும், அதனால் காலை ஓட்டத்துக்காக விடியற்காலையில் எழுந்து குடித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, சாயங்காலப் பயிற்சிக்கு வைத்துக்கொள். குடிக்கிற நாளில் மவுத்வாஷ் போட்டு வாய் கொப்பளிக்கக் கூடாது, அந்தப் பாக்டீரியா செத்துவிடும். சிறுநீர் சிவப்பாகப் போனாலும் பயப்படாதே. அப்புறம், கடைசிச் சுற்று விழுகிறது என்றால் அதற்கு மருந்து கிரவுண்டில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ரெண்டு நாள் 400 மீட்டரைப் போட்டி வேகத்தில் ஓடி, நடந்து மூச்சு வாங்கி, மறுபடி ஓடு.

தேவகோட்டை ஆச்சி:
எங்கள் வீட்டில் ஜூஸர் இருக்கிறது, பேரன் பேட்மிண்டன் ஆடுகிறான், அதனால் சொல்கிறேன். கோல்ட் பிரஸ் என்பது நிமிடத்துக்கு 40-லிருந்து 80 சுற்று மெதுவாகச் சுற்றி நசுக்கிப் பிழிவது, சாதாரண ஜூஸர் பல்லாயிரம் சுற்றில் துருவி வடிகட்டுவது. மெதுவாகப் பிழிந்தால் கீரை, நெல்லிக்காய், இஞ்சியில் சாறு நன்றாக இறங்கும், நுரை குறைவு. ஆனால் வேகமாகச் சுற்றினால் சூட்டில் சத்தெல்லாம் போய்விடும் என்று கடைக்காரர்கள் சொல்கிற அளவுக்கு வித்தியாசம் கிடையாது. வாழைப்பழம், மாம்பழம், சப்போட்டா எல்லாம் அதில் போடுகிற பொருளே இல்லை, அதற்கு மிக்ஸிதான். குடித்த கையோடு வலையைக் கழுவிவிட வேண்டும், காய்ந்தால் பிரஷ்ஷால் தேய்த்தும் போகாது. கேரட் சக்கையைக் கொட்டாதீர்கள், அடை மாவில் போடலாம், துவையலும் அரைக்கலாம், நார்ச்சத்தில் பெரும்பகுதி அதில்தான் தங்குகிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. சுரைக்காய், வெள்ளரிக்காய் ஜூஸ் போடுவதானால் முதலில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். 2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தே போனார். ஆரோக்கியத்துக்காகக் குடித்தது. கசப்பை மறைக்க எலுமிச்சை, தேன் என்று கலக்கவே கூடாது.

உணவியல் படித்தவள்:
ஆச்சி சொன்னது முக்கியம், நன்றி. ஆனால் தம்பி, காலைச் சாப்பாட்டுக்குப் பதில் ஜூஸ் என்பதில் அப்பத்தா பக்கம்தான் நான். பயிற்சி எடுப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.4-லிருந்து 2 கிராம் வரை புரதம் தேவை, உங்களுக்கு நாளைக்கு 87-லிருந்து 124 கிராம். ஒரு டம்ளர் ஜூஸில் ஒன்று ரெண்டு கிராம்தான் இருக்கும். ஒரு முட்டையில் மட்டும் 6 கிராம். முட்டை, அவித்த கொண்டைக்கடலை, தயிர், மீன் எல்லாம் முதலில் வரட்டும், ஓடிவிட்டு வந்ததும் நம் ஊர்க் கும்மாயம் ஒரு கிண்ணம் சாப்பிட்டாலும் உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் சேர்ந்து உள்ளே போகும். உடம்பைச் சுத்தம் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும், அதை ஜூஸ் செய்யாது.

பழத்தை ஜூஸாக்கினால் நார் போய்ச் சர்க்கரை நிற்கிறது. 250 மில்லி ஆரஞ்சு ஜூஸில் ஏறக்குறைய 20-லிருந்து 25 கிராம் சர்க்கரை இருக்கும், வெளியே சேர்க்காமலேயே. உலக சுகாதார நிறுவனம் இதையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், ஜூஸர் காய்க்கு இருக்கட்டும். வெயிலில் ஓடி வேர்த்தால் உப்பும் வெளியே போகிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அதனால் உப்புப் போட்ட நீர்மோரும் வேண்டும். மாமாவிடம் கேட்டால், அந்தப் பணத்தை மாதாமாதம் முட்டைக்கும் பாலுக்கும் அனுப்பச் சொல்வேன்.

தேவகோட்டை ஆச்சி:
மாமா ஆசையாகத் தருவதை ஏன் வேண்டாம் என்பது? வீட்டில் அப்பத்தாவும் மற்றவர்களும் குடிப்பார்கள். முட்டைச் செலவு தனி.

காரைக்குடி தம்பி:
ரொம்ப நன்றி. அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன், சந்தோஷமாகிவிட்டது. ஒரு சந்தேகம், அப்பாவுக்கு முன்பு சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. நான் தினமும் பீட்ரூட் குடிக்கலாமா?

உணவியல் படித்தவள்:
அப்பா பீட்ரூட், பாலக்கீரை ஜூஸ் பக்கமே போக வேண்டாம், ரெண்டிலும் ஆக்சலேட் அதிகம், கல்லில் பெரும்பாலானவை அதனால்தான் உருவாகின்றன. குடும்பத்தில் இருப்பதால் நீங்களும் தினமும் குடிக்காமல், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கடினமாக ஓடும் நாளில் மட்டும் ஒரு சின்ன டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரையோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ இருந்தால் கீரை ஜூஸையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பழைய ஓட்டக்காரன், பள்ளத்தூர்:
தேர்வன்று முதல் தடவையாகப் பீட்ரூட் குடித்துவிட்டுப் போய் நிற்காதே, சிலருக்கு வயிற்றைக் கலக்கும். பயிற்சி நாளிலேயே குடித்துப் பார்த்து, ஒத்துக்கொண்டால் மட்டும் தேர்வுக்கு. இல்லையென்றால் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியோடு போ.