எங்கள் காபித் தோட்டத்து சைட்டை ஏஐ சொல்லவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

ஏற்காட்டுக்காரன்:
வணக்கம். ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காபி, ஊடே மிளகுக் கொடி. மூன்று வருஷமாகப் பழத்தை வியாபாரிக்குப் போடாமல் நாங்களே களத்தில் காயவைத்து, வறுத்து, அரைத்து கொரியரில் அனுப்புகிறோம். தங்குவதற்கு இரண்டு ரூமும் இருக்கிறது. சைட் உண்டு, கூகுளில் எங்கள் பேரை அடித்தால் வரும். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்து தங்கிய ஒரு குடும்பம், "நாங்க இப்பல்லாம் ஏஐகிட்டதாங்க கேக்குறோம், அதுல உங்க பேரே வரலை, தெரிஞ்சவங்க சொல்லித்தான் வந்தோம்" என்றார்கள். திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் போனிலேயே, ஏற்காட்டில் தோட்டத்திலிருந்து நேரடியாகக் காபித் தூள் எங்கே வாங்கலாம் என்று கேட்டோம். நாலு பேரைச் சொன்னது. அதில் ஒருவர் கடையை மூடியே ஒரு வருஷம் ஆகிறது, வயிற்றெரிச்சலாக இருந்தது.

சேலத்தில் ஒருவர், எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டி என்று ஒரு ஃபைல் போட்டால் எல்லா ஏஐயும் தேடி வரும், 12,000 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

ஐந்துரோடு_குமார்:
கொடுக்காதீங்க அண்ணே. அது 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட் என்பவர் முன்வைத்த ஒரு யோசனை. நம் சைட்டில் முக்கியமான பக்கங்கள் எவை, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று சாதா டெக்ஸ்டில் எழுதி வைக்கிற ஒரு ஃபைல், அவ்வளவுதான். போட்டால் கெடுதல் இல்லை, அரை மணி நேரத்தில் நீங்களே எழுதிவிடலாம். ஆனால் இதைப் படித்துத்தான் பதில் சொல்கிறோம் என்று பெரிய நிறுவனம் எதுவும் வாக்குக் கொடுத்ததாக நான் பார்க்கவில்லை. கூகுள் தேடல் பிரிவில் இருக்கும் ஜான் முல்லரே 2025-ல் இதைப் பழைய கீவேர்ட்ஸ் மெட்டா டேகோடு ஒப்பிட்டார். அது பக்கத்துக்குள் தேடல் சொற்களை நாமே எழுதி வைக்கிற இடம், ஆளாளுக்கு இஷ்டத்துக்கு நிரப்பியதால் கூகுள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சைட் லிங்க் அனுப்புங்க, பார்க்கிறேன்.

ஐந்துரோடு_குமார்:
பார்த்தேன். கம்ப்யூட்டரில் உங்கள் சைட்டைத் திறந்து, ரைட் கிளிக் பண்ணி "வியூ பேஜ் சோர்ஸ்" போட்டுப் பாருங்க. "காபி" என்ற சொல்லைத் தேடினால் டைட்டிலில் ஒரே ஒரு தடவைதான் வரும், கீழே எல்லாம் வெறும் ஸ்கிரிப்ட். மொத்தப் பக்கமும் பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் உருவாகிறது. கூகுளின் பாட், அதாவது சைட்களைத் தானாக வந்து படித்துப்போகிற புரோகிராம், அதை ஓட்டிப் பார்க்கும், அதனால் அங்கே வருகிறீர்கள். ஏஐ நிறுவனங்களின் பாட்கள் பெரும்பாலும் ஓட்டாது, அவை வந்து பார்ப்பது காலி வீடு. செய்து கொடுத்தவரிடம், பக்கத்தை சர்வரிலேயே தயார் செய்து ஹெச்டிஎம்எல்லாக அனுப்பச் சொல்லுங்க.

இன்னொன்று, விலைப் பட்டியல். கரும்பலகையில் சாக்பீஸில் எழுதி போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறீர்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) கால் கிலோ என்ன விலை என்பது அந்தப் படத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. அதை எழுத்தாகவும் போடுங்க. அப்புறம் அந்தத் தமிழ் பிடிஎஃப் பழைய பாமினி ஃபாண்டில் அடித்தது. ஒரு வரியை காப்பி பண்ணி வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்க, ஆங்கில எழுத்துகளாக உளறும். பாட்களுக்கும் கிடைப்பது அந்த உளறல்தான். யூனிகோடில் மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை.

சூரமங்கலம்_சர்வர்:
குமார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னால் கதவே பூட்டியிருக்கிறது. எந்த பாட் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று சைட்டில் எழுதி வைக்கிற ஃபைல் ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி, உங்களுடையதைப் பார்த்தேன். 2023-ல் சாட்ஜிபிடியின் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடிபாட் என்ற தன் பாட்டை அறிவித்ததும், ஏஐ நம் எழுத்தைத் திருடுகிறது என்று எல்லோரும் தடுத்தார்களே, அதன் பிறகு ஓடிய ஏதோ ஒரு தடைப் பட்டியலை யாரோ அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். தடுப்பது தப்பில்லை, உங்கள் இஷ்டம். ஆனால் எதை என்று தெரிந்து தடுக்க வேண்டும். ஓப்பன்ஏஐக்கு மட்டுமே ஜிபிடிபாட் ஏஐயின் பயிற்சிக்கு, ஓஏஐ-சர்ச்பாட் தேடலுக்கு, சாட்ஜிபிடி-யூசர் ஒருவர் கேட்கும்போது பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்கு என்று தனித்தனிப் பேர். பயிற்சிக்கு வேண்டாம், தேடலில் மட்டும் வரட்டும் என்றால் முதலாவதைத் தடுத்து இரண்டாவதைத் திறந்துவிடலாம். நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டு விருந்தாளி வரவில்லை என்கிறீர்கள்.

மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கின் வெப்மாஸ்டரிலும் சைட்டைப் பதிந்து, சைட்மேப் (உங்கள் பக்கங்களின் பட்டியல்) கொடுங்க, அது இலவசம். நம் ஆட்கள் கூகுளோடு நின்றுவிடுகிறார்கள்.

அஸ்தம்பட்டி_அக்கா:
நான் டெக்னிக்கல் ஆள் இல்லை, பத்து வருஷமாக ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் எழுதிக் கொடுக்கிறவள். தம்பி, உங்கள் முதல் பக்கத்தில் "இயற்கையின் மடியில், மறக்க முடியாத நறுமணம்" என்று இருக்கிறது. மலையில் ரூம் வைத்திருக்கும் எல்லோரும் இதையேதான் போடுகிறார்கள். பாட் வந்து படித்தாலும் இதிலிருந்து எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை போன் வருகிறது, என்னென்ன கேட்கிறார்கள்? சிக்கரி கலந்ததா, ஃபில்டருக்கு அரைத்துத் தருவீர்களா, 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் அம்மாவுக்குத் தலை சுற்றும், குப்பனூர் வழியாக வரலாமா, பழம் பறிப்பதைப் பார்க்க எந்த மாசம் வரவேண்டும், ரூமில் ஜியோ சிக்னல் எடுக்குமா? இதற்கெல்லாம் போனில் அழகாகப் பதில் சொல்லியிருப்பீர்கள். அதே வார்த்தையில் சைட்டில் எழுதுங்கள், கேள்வியைத் தலைப்பாகவும் பதிலை அடியில் இரண்டு மூன்று வரியாகவும். ஏஐயிடம் கேட்கிறவரும் இதைத்தானே கேட்கிறார்! தமிழிலும் போடுங்கள், இங்கிலீஷிலும் போடுங்கள். கடைசியாகத் திருத்திய தேதி மறக்க வேண்டாம்.

ஏற்காட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிறது. பூட்டைத் திறந்தாகிவிட்டது, பக்கங்களை மாற்றிக் கொடுத்தார்கள், விலை எழுத்தில் ஏறிவிட்டது. அக்கா சொன்னபடி போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து வீட்டுக்காரி குறித்தாள், நாலே நாளில் 31 கேள்வி, அதில் எட்டு சிக்கரியைப் பற்றியே. ஆனால் நேற்று கேட்டபோதும் அந்த மூடிய கடையைத்தான் சொல்கிறது. எங்களைக் காணோம்.

சூரமங்கலம்_சர்வர்:
உங்கள் போனில் கேட்டுக் கேட்டுப் பார்க்காதீங்க, அது ஆளுக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று சொல்லும். சைட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று பதிவாகும் சர்வர் லாகில் நான் சொன்ன பேர்கள் வந்துபோகிறதா என்று பாருங்க.

ஏற்காட்டுக்காரன்:
பார்த்துவிட்டேன். ஓஏஐ-சர்ச்பாட் இந்த வாரம் ஆறு தடவை வந்திருக்கிறது, சிக்கரிப் பக்கத்துக்கே இரண்டு தடவை.

அஸ்தம்பட்டி_அக்கா:
அப்படியென்றால் வழி தெரிந்துவிட்டது, விடுங்கள். அந்த மூடிய கடை வருவதற்குக் காரணம் அவர்கள் சைட்டாக இருக்காது, ஊர் சுற்றி எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் எப்போதோ அவர்களைப் பற்றி எழுதி வைத்திருப்பார்கள், அது இன்னும் அங்கேயே கிடக்கும். உங்களைப் பற்றி உங்களைத் தவிர யாராவது எங்காவது எழுதியிருக்கிறார்களா? அந்தக் கோயம்புத்தூர்க் குடும்பத்திடம் முதலில் கூகுள் மேப்பில் ரெண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.