எல்எஃப்பி பேட்டரி காரை வீட்டில் அன்றாடம் எத்தனை சதவீதம் வரை சார்ஜ் போடலாம்? 80-இல் நிறுத்தி வந்த காரில் சதவீதம் திடீரென இறங்குகிறது

கேள்வி: காவிரிக்கரை (ஸ்ரீரங்கம்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்கு அன்றாடம் வேலைக்குச் சென்று வருகிறேன். போக வர ஏறத்தாழ 50 கி.மீ. ஆகிறது. எங்கள் மின்சாரக் காரின் பேட்டரி 40 யூனிட் கொள்ளளவு உடையது. செல் வகை எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்று கையேட்டில் போட்டிருக்கிறது. எந்தப் பேட்டரியானாலும் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ஆயுள் குறைந்துவிடும் என்று பலரும் சொன்னதால், வாங்கியதிலிருந்தே வரம்பை 80-இல் வைத்து, வீட்டிலுள்ள 7.2 கிலோவாட் சார்ஜரில் இரவுதோறும் சார்ஜ் போட்டு வருகிறோம்.

சென்ற மாதம் குடும்பத்துடன் கும்பகோணம் சென்றிருந்தோம். கிளம்பும்போது திரை 80 சதவீதம் காட்டியது. திரும்பும் வழியில் துவாக்குடியை நெருங்கும்போது, ஏறத்தாழ 175 கி.மீ. ஓடியிருந்த நிலையில், 20 சதவீதம் இருந்தது. அந்தப் பயணத்தில் 24 யூனிட் செலவாகியிருப்பதாகத் திரை காட்டியது. அதற்குப் பின் சில கிலோமீட்டருக்குள்ளேயே 20 என்பது 9 ஆக இறங்கிவிட்டது. பின் இருக்கையில் வயதான மாமியாரும் குழந்தையும் இருந்ததால், வீடு வரை போய்ச் சேருமா என்று பார்க்கத் துணியாமல், வழியில் இருந்த சார்ஜிங் நிலையத்தில் நிறுத்திக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டுதான் வந்தோம்.

பேட்டரி பழுதாகிவிட்டதா? 80 சதவீத வரம்பு தவறா? அப்படியானால் எவ்வளவு வைக்க வேண்டும் என்று காரணத்தோடு யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மின்கலன் (சென்னை)

வணக்கம் சகோதரி. கணக்கிடத் தேவையான எண்களையெல்லாம் நீங்களே தந்துவிட்டீர்கள். 80-இலிருந்து 20 வரை இறங்கியது 60 சதவீதம். 40 யூனிட்டில் 60 சதவீதம் என்பது 24 யூனிட். திரை காட்டிய செலவும் அதே 24 யூனிட்தான். எனவே வழியில் செலவான மின்சாரத்தைக் கார் சரியாகவே அளந்திருக்கிறது. தவறு தொடக்கத்தில் இருக்கிறது: 80 என்று காட்டியபோது பேட்டரியில் உண்மையில் 70 சதவீதத்தை ஒட்டியே இருந்திருக்கும். இது செல் பழுதைவிட அளவுக் கணிப்பு விலகியதற்கே பொருந்தும் அறிகுறி.

இது எல்எஃப்பி பேட்டரிகளில் நன்கு அறியப்பட்ட இயல்பு. எந்தப் பேட்டரியிலும் சதவீதத்தை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் இரண்டு வழிகளில் அதைக் கணிக்கிறது. ஒன்று, உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வருவதையும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருப்பது. இதில் ஒவ்வொரு நாளும் சிறு பிழை சேரும். மற்றொன்று, செல்லின் வோல்டேஜைப் பார்த்து அந்தப் பிழையைத் திருத்துவது. என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த) வகைச் செல்லில் 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையே வோல்டேஜ் ஏறத்தாழ அரை வோல்ட் மாறுவதால் இந்தத் திருத்தம் எளிது. எல்எஃப்பி செல்லிலோ 30 முதல் 80 சதவீதம் வரை வோல்டேஜ் 3.3-ஐ ஒட்டியே நிற்கிறது. மொத்த மாற்றமே சில பத்து மில்லிவோல்ட்தான். சமதளச் சாலையில் மைல்கல் இல்லாமல் பயணம் செய்வதைப் போல, பிஎம்எஸ்ஸுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று சரிபார்க்க வழி இருப்பதில்லை. ஏறத்தாழ முழுமையாக நிரம்பும்போதும், அடி மட்டத்துக்கு இறங்கும்போதும் மட்டுமே வோல்டேஜ் தெளிவாக மாறும். நீங்கள் நிரப்பவே இல்லை. அன்று அடிமட்டத்தை நெருங்கியதும் உண்மை நிலை தெரியவந்து, திரை ஒரே அடியாகத் திருத்திக்கொண்டது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த அளவுப் பேட்டரியில் சுமார் 100 செல்கள் தொடராக இணைந்திருக்கும். அவற்றுக்குள் ஏற்படும் சிறு ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் வேலையும் பெரும்பாலும் மேல் முனையில்தான் நடக்கும். அது மிக மெதுவான வேலை. 320 வோல்ட், 40 யூனிட் என்றால் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 125 ஆம்பியர்-மணி. ஒரு செல்லில் 1 சதவீதம் கூடுதலாக இருந்து, அதை 100 மில்லியாம்பியர் வீதம் கழித்தால் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். ஆகவே ஒரே இரவில் எல்லாம் சீராகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: 20 சதவீதத்தை ஒட்டி இறங்கியதும் வரம்பை 100-க்கு மாற்றி, வீட்டுச் சார்ஜரிலேயே இரவு முழுவதும் போடுங்கள். 100 என்று காட்டியவுடன் பிடுங்காமல், கார் தானாகச் சார்ஜை முடிக்கும் வரை விடுங்கள். திரை 99-இலோ 100-இலோ நீண்ட நேரம் நின்றால் அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த சில வாரங்களில் இதை மீண்டும் செய்த பிறகும் இதே போன்ற திடீர் இறக்கம் இருந்தால், செல்களுக்கு இடையிலான வோல்டேஜ் வேறுபாட்டை அளந்து எழுத்தில் தருமாறு சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள். நம் நாட்டில் பெரும்பாலான மின்சாரக் கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் இருப்பதால், அந்தத் தாள் பின்னாளில் உங்களுக்குத் தேவைப்படலாம்.

மறுமொழி: நொய்யல் (கோயம்புத்தூர்)

மேலே சொன்ன விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் இதைப் படிப்பவர்களில் என்எம்சி பேட்டரி வைத்திருப்போர் இதையே பின்பற்றிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் கார் என்எம்சி வகை. அதில் 80 சதவீத வரம்பு என்பது சரியான அறிவுரைதான். முழுதாக நிரம்பிய என்எம்சி செல் 4.2 வோல்ட்டை ஒட்டி நிற்கும். அந்த உயர்ந்த வோல்டேஜில் செல்லின் உள்ளிருக்கும் மின்பகு திரவம் சிதைவது வேகமாகிறது. வெப்பம் சேர்ந்தால் இன்னும் வேகமாகும். நாங்கள் அன்றாடம் 70-இல் நிறுத்துகிறோம். வெளியூர் போகும் நாளில் மட்டும் 100 வைத்து, கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்பு முடியும்படி நேரத்தை அமைக்கிறோம்.

மலைப்பகுதியில் தங்கிச் சார்ஜ் போடுவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த வகைப் பேட்டரியானாலும், 100 சதவீதத்தில் இருக்கும்போது ரீஜென் பிரேக் (வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரமாக்கிப் பேட்டரிக்கே அனுப்பும் பிரேக்) சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லை. உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர் குறைகிறது. 1,500 கிலோ எடையுள்ள காருக்கு அந்த உயரத்தின் ஆற்றல் 7 யூனிட்டுக்கும் மேல். அதில் ஒரு பகுதி காற்றுத் தடையிலும் டயரிலும் போனாலும், மிஞ்சுவதைப் பேட்டரி வாங்க முடியாவிட்டால் சக்கர பிரேக்தான் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். எனவே மேலிருந்து கிளம்பும் நாளில் 85-இல் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

காவிரிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. மின்கலன் ஐயா சொன்னபடி முழுச் சார்ஜ் போட்டோம். 95-க்கு மேல் வெகுநேரம் எடுத்துக்கொண்டது, காலையில்தான் முடிந்தது.

அடுத்த ஐயம் இதுதான். கையேடு வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்கிறது. அப்படியானால் நாள்தோறும் 100 வைத்துவிடலாமா? அலுவலகத்தில் நிழல் கிடையாது. கத்திரி வெயிலில் கார் பகல் முழுவதும் திறந்த வெளியில்தான் நிற்கும். எல்எஃப்பி பேட்டரியை நிரப்பியே வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறார் கணவரின் அண்ணன். அது உண்மையா?

மறுமொழி: மின்கலன் (சென்னை)

முழு உண்மை இல்லை. எல்எஃப்பி செல்லின் நேர்முனைப் பொருள் உறுதியானது என்பது சரி. இதில் நம்மவர் ஒருவரின் பங்கும் உண்டு என்பதால் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடெனஃப் உடன் சேர்ந்து, சல்ஃபேட் போன்ற அயனித் தொகுதிகள் இரும்புச் சேர்மங்களின் வோல்டேஜை உயர்த்துவதைக் காட்டினார். அந்த வழியில்தான் 1990-களில் குடெனஃப் குழுவினர் இரும்பு பாஸ்பேட்டை, அதாவது இன்றைய எல்எஃப்பியை, முன்வைத்தனர். குடெனஃப் 2019-இல் நோபல் பரிசு பெற்றபோது அவர் சார்பில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

ஆனால் செல்லின் எதிர்முனை எல்எஃப்பியிலும் அதே கிராஃபைட்தான். செல் நிரம்பியிருக்கும்போது அந்தக் கிராஃபைட் முழுக்க லித்தியத்தால் நிறைந்து, சுற்றியுள்ள திரவத்துடன் மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். அதில் சிறுகச் சிறுகப் பயன்படும் லித்தியம் இழக்கப்படுகிறது. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழுவினர் செய்த ஆய்விலும், மேல் மட்டத்திலேயே வைத்து இயக்கிய எல்எஃப்பி செல்கள், தாழ்ந்த மட்டத்தில் இயக்கியவற்றைவிட விரைவாகத் திறன் இழந்தன. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணிப்பு. திருச்சியின் மே மாதத்தில் இதைப் புறக்கணிக்க முடியாது.

ஆகவே இரண்டு தேவைகள் எதிரெதிராக இழுக்கின்றன. அளவு சரியாக இருக்க அவ்வப்போது நிரப்ப வேண்டும். ஆயுள் நீடிக்க நிரம்பிய நிலையில் வெயிலில் நிற்கும் நேரம் குறைய வேண்டும். உங்கள் 50 கி.மீ. ஓட்டத்துக்கு 7 யூனிட், அதாவது 18 சதவீதம்தான் செலவாகும். எனவே அன்றாட வரம்பை 80-லேயே விடுங்கள். 70 வைத்தாலும் போதும். வாரம் ஒருமுறை, பயணம் அதிகமுள்ள நாளுக்கு முந்தைய இரவில், 100 வரை ஏற்றுங்கள். சனிக்கிழமை இரவு நிரப்பிவிட்டு ஞாயிறு முழுவதும் வீட்டு வாசலில் நிறுத்தி வைப்பதைவிட, ஞாயிறு இரவு போட்டுத் திங்கள் காலை ஓட்டிச் செல்வது நல்லது. துவாக்குடி போய்ச் சேரும்போதே 9 சதவீதம் குறைந்திருக்கும். உங்கள் கார் தயாரிப்பாளர் நாள்தோறும் 100 வரை ஏற்றச் சொல்லி, அதை உத்தரவாத நிபந்தனையாகவும் வைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். நிபந்தனையை மீறிச் சேமிக்கும் ஆயுள் பெரிய அளவில் இருக்காது.

சார்ஜ் ஏறும் நேரத்தையும் பாருங்கள். 7.2 கிலோவாட் சார்ஜரில் உங்கள் அன்றாடத் தேவை ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எடுக்கும். வந்து நிறுத்தியவுடன் சூடான பேட்டரியில் ஏற்றத் தொடங்காமல், விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கும்படி அமைத்துவிட்டால், இரவு முழுவதும் பேட்டரி 62 சதவீதத்திலேயே குளிர்ந்து கிடக்கும். வாராந்திர முழுச் சார்ஜுக்கு மட்டும் இரவு 10 மணிக்கே தொடங்கட்டும்.

மறுமொழி: மின்பணியாளர் (மதுரை)

அம்மா, பேட்டரியைப் பற்றி அவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் சுவர்ப் பக்கத்தைச் சொல்கிறேன். 7.2 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர் இடைவிடாமல் ஓடும். முழுச் சார்ஜ் போடும் இரவில் அது மணிக்கணக்கில் நீடிக்கும். மீட்டர் பலகையிலிருந்து சார்ஜருக்குத் தனி 6 சதுர மி.மீ. செம்பு ஒயர், தனி எம்சிபி, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிப்பது), நல்ல எர்த்திங் ஆகியவை இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். முழுச் சார்ஜ் நடந்துகொண்டிருக்கும்போது எம்சிபியின் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் திருகு தளர்ந்திருக்கலாம். சார்ஜை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

காவிரிக்கரை

ஒயர் 6 சதுர மி.மீ.தான் என்று மாட்டிய ரசீதில் இருக்கிறது; எம்சிபியை இந்த வாரமே பார்த்துவிடுகிறோம். உத்தரவாதத் தாளில் நாள்தோறும் 100 என்ற நிபந்தனை எதுவும் இல்லை. வரம்பை 80-இல் விட்டு, தொடங்கும் நேரத்தைக் காலை 5 மணி என்று மாற்றியிருக்கிறேன். இன்னும் ஒன்றே ஒன்று: கோடை விடுமுறையில் மூன்று வாரம் ஊரில் இருக்க மாட்டோம். அப்போது சார்ஜரில் மாட்டியே வைக்கலாமா?

மறுமொழி: மின்கலன் (சென்னை)

வேண்டாம். 50 சதவீதத்தை ஒட்டி வைத்து, சார்ஜரிலிருந்து கழற்றி, நிழலில் நிறுத்திச் செல்லுங்கள். கைப்பேசிச் செயலியில் அடிக்கடி காரைத் திறந்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் கார் விழித்தெழுந்து கொஞ்சம் மின்சாரம் செலவழிக்கும். திரும்பி வந்த அன்று இரவே ஒரு முழுச் சார்ஜ் போட்டுவிட்டு, அதன் பிறகு நீண்ட பயணத்துக்குக் கிளம்புங்கள்.