தீவன டிரம்மின் அடியில் பூசணம்: காயவைத்துப் போடலாமா?

கேள்வி:
இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். உருட்டிய ஓட்ஸையும் தவிட்டையும் கலந்து தகர டிரம்மில் கொட்டி வைப்பது வழக்கம். நேற்றுக் காலையில் பெண்குதிரை தொட்டியில் மூக்கை வைத்தது, உதட்டால் இரண்டு தள்ளு தள்ளியது, அப்படியே விலகிப் போய்விட்டது. தீவனம் என்றால் கனைத்துக்கொண்டு ஓடி வருகிற குதிரை அது. சந்தேகப்பட்டு டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். மேலே பொலபொலவென்று இருக்கிறது. அடியில் கட்டி கட்டியாக, தொட்டால் இளஞ்சூடு. ஒன்றை உடைத்தால் சாம்பல் பச்சையில் தூசு பறக்கிறது. மூடியின் உட்புறம் வியர்த்திருக்கிறது. மேல்பாதியை மட்டும் வெயிலில் காயவைத்துப் போடலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள். மாட்டுக்கோ கோழிக்கோ கூடப் போடாதீர்கள். வெயிலில் பூசணம் காயும், அது விட்டுப்போன நச்சு காயாது. கொதிக்க வைத்தாலும் போகாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதை மறக்காதீர்கள். உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். மக்காச்சோளமும் கலந்திருந்தால் இன்னும் ஆபத்து. அதில் பிடிக்கும் ஃபியூசேரியம் பூஞ்சையின் ஃபுமோனிசின் நச்சு குதிரையின் மூளைத் திசுவையே கரைத்துவிடும்.

சரி, டிரம் எங்கே இருக்கிறது? புது மூட்டையைப் பழசின் மேலேயே கொட்டுவீர்களா?

கேட்டவர்:
ஆமாம், மேலேயே கொட்டுவேன். அடியில் இருப்பது எப்போது வாங்கியது என்று எனக்கே தெரியாது. டிரம் மேற்குச் சுவரை ஒட்டி சிமெண்டுத் தரையில் நிற்கிறது. மதியத்துக்கு மேல் நேர் வெயில்.

பதில் 1:
அதுதான் காரணம். பகலில் தகரம் சுடும்போது தீவனத்தின் ஈரம் ஆவியாகும். இரவில் குளிர்ந்ததும் மூடியிலும் அடித்தகட்டிலும் நீராகப் படியும். டிரம்மை நிழலுக்கு மாற்றுங்கள். அடியில் மரச்சட்டம் கொடுத்து, சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். டிரம் காலியாகி, மூலையெல்லாம் சுரண்டிக் கழுவி, எலும்பாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த மூட்டை. உருட்டிய தானியம் முழுத் தானியத்தைவிடச் சீக்கிரம் கெடும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை வந்துவிடும். அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

பதில் 2:
தகரத்தை விட்டுவிடாதீர்கள், பிளாஸ்டிக்கை எலி கடித்துவிடும். எலி செத்துக் கிடந்த தீவனத்தால் பொட்டுலிசம் என்ற, தசைகளை முடக்கும் நச்சு நோய் வரலாம். மூடிக்குத் தாழ்ப்பாளும் போடுங்கள். குதிரை தானே திறந்து வயிறு முட்டத் தின்றால் வயிற்றுவலியோடு குளம்பு அழற்சியும் வரும். அப்புறம், மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் இருந்தால் வேறு அறையில் வையுங்கள், அள்ளும் குவளையும் வேறாக இருக்கட்டும். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்தைக் கலந்திருப்பார்கள். அது சிறிதளவே போனாலும் குதிரையின் இதயத்தைத் தாக்கும். பெண்குதிரை கொஞ்சமாவது தின்றிருக்குமே, மருத்துவரிடம் காட்டினீர்களா?

கேட்டவர்:
இன்று வந்து பார்த்தார். வயிற்றில் சத்தம் சரியாக இருக்கிறதாம், லத்தியும் வழக்கம்போல் போடுகிறது. இரண்டு நாள் உலர்புல் மட்டும் கொடுக்கச் சொன்னார். பழைய தீவனத்தைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். அடியைச் சுரண்டும்போது கல்லாக இறுகிய ஒரு பட்டை, இரண்டு விரல் கனத்துக்கு வந்தது. டிரம் இப்போது வெயிலில் கவிழ்ந்து கிடக்கிறது.