மாவட்ட கெஜட் கட்டுகள் நொறுங்குகின்றன: மறுபதிப்பு வாங்குவதா, மைக்ரோஃபிலிம் எடுப்பதா?

வைகைக்கரை நூலகர்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஒரு தேக்கு அலமாரி நிறையப் பழைய அரசு வெளியீடுகள் இருக்கின்றன. நெல்சன் எழுதிய 1868 மதுரை மானுவல் (மாவட்ட விவர நூல்), பிரான்சிஸின் 1906 கெஜட்டியர், அப்புறம் இருபத்து மூன்று கட்டு மாவட்ட கெஜட், அதாவது அரசு அறிவிப்புகள் வந்த இதழ். நெல்சன் நன்றாகத்தான் இருக்கிறது. கெஜட் கட்டுகள்தான் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன. ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனால் மேசையைத் துடைக்க வேண்டியிருக்கிறது. துடைத்துப் போடுவது எழுத்து இருந்த காகிதம் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

1877, 1878 கட்டுகளைத் திறந்தால் வரி பாக்கிக்காக நிலம் ஏலம் போன அறிவிப்புகள் பத்தி பத்தியாக வருகின்றன. ஊர், பட்டா எண், பட்டாதாரர் பெயர், பாக்கித் தொகை. தாது வருஷப் பஞ்சக் காலம். நாலு ரூபாய் சொச்சத்துக்கு நிலத்தை விட்டவர்களின் பெயர்கள் அவை. இவற்றை வேறு எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

முன்னாள் வாசகர் ஒருவர் ஒரு லட்ச ரூபாய் கொடுத்திருக்கிறார். பழைய மானுவல்களின் மறுபதிப்புகளை வாங்கி அடுக்கலாம் என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படச்சுருளில் பதிவது) எடுத்துவிட்டுக் கட்டுகளைக் கழித்துவிடலாம் என்கிறார்கள் மீதிப் பேர். இரண்டுக்கும் எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடு:

அக்கா, நெல்சனை 1989இலேயே டெல்லி ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் அப்படியே மறுபதிப்பாகப் போட்டுவிட்டது. பல நூலகங்களில் இருக்கிறது. அதற்குப் பெரிய பணம் வேண்டாம், வாசகர் கையில் கொடுக்க ஒரு பிரதி வாங்கிக்கொண்டு மூலத்தைப் பூட்டி வையுங்கள். மறுபதிப்பு எதுவானாலும் வாங்குமுன் மடிப்பு வரைபடங்களைப் பாருங்கள். வேறொரு மாவட்டத்து மானுவல் ஒன்றை நான் வாங்கினேன். மேசையளவு விரியும் வரைபடத்தை ஒரே பக்கத்துக்குச் சுருக்கியிருந்தார்கள். ஒரு ஊர்ப் பெயர்கூடப் படிக்க முடியவில்லை.

பழைய கேமராக்காரர்:

நூலகர் அம்மாவுக்கு வணக்கம். இருபத்தாறு வருடம் மைக்ரோஃபிலிம் கேமரா பக்கத்தில் நின்றவன் நான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. கட்டுகளைக் கழிக்காதீர்கள். ஃபிலிம் எடுத்து முடித்த பிறகும் கழிக்காதீர்கள். தையலுக்குள் மறைந்துபோன பக்க ஓரமும், வேகத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டதும் பத்து வருடம் கழித்துத்தான் தெரியவரும். அப்போது திரும்பிப் பார்க்க மூலம் வேண்டும்.

இரண்டாவது, பணத்தை ஒற்றைப் பிரதிக்குச் செலவழியுங்கள். பெயர் பெற்ற புத்தகத்தை யாராவது மறுபடி அச்சடிப்பார்கள். ஏல அறிவிப்பை யார் அச்சடிப்பார்கள்? அரசாங்கமே அந்தக் காலத்தில் எதை அச்சுக்கு எடுத்தது பாருங்கள். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளில் 1682 முதல் 1685 வரை உள்ளதைப் பிரிங்கிள் 1894, 95இல் பதிப்பித்தார். 1672 முதல் 1678 வரையான குறிப்பேடு 1910இல் சென்னை அரசு அச்சகத்தில் வந்தது. பிறகு ஆவணக் காப்பாளர் டாட்வெல் காலத்தில் வரிசையாக வந்தன. அதனால்தான் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகாமலே அவற்றைப் படிக்க முடிகிறது. நல்ல வேலை, நான் கும்பிடுகிறேன். ஆனால் அது கவர்னரும் கவுன்சிலும் பேசியது. உங்கள் பட்டாதாரர்களுக்கு அப்படி ஒரு பதிப்பு வராது. ஃபிலிம்தான் அவர்களுக்குப் பதிப்பு.

ஃபிலிம் எடுப்பவரிடம் இதையெல்லாம் கேளுங்கள். 35 மில்லிமீட்டர், பாலியெஸ்டர் அடித்தளம், வெள்ளி ஃபிலிம். மூன்று தலைமுறை வேண்டும்: மாஸ்டர் நெகடிவ், அதிலிருந்து நகலெடுக்க ஒரு நெகடிவ், வாசகருக்கு ஒரு பாசிடிவ். மாஸ்டரை வாசிப்புக் கருவியில் போடவே கூடாது. உங்கள் ஊரிலும் வைக்காதீர்கள். பழைய அசிடேட் ஃபிலிம் நம் ஊர் வெக்கையில் புளித்துவிடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறும், பிறகு சுருங்கி நெளியும். சுருளின் பக்கவாட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் பாலியெஸ்டர், இருட்டாக இருந்தால் அசிடேட். ரப்பர் பேண்டு போடவிடாதீர்கள், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைத் தின்றுவிடும். ஃபிலிம் கழுவும்போது சேரும் ஹைப்போ என்ற ரசாயனம் மிச்சமில்லாமல் சரியாகக் கழுவப்பட்டதா என்று சோதித்த சீட்டும் வாங்குங்கள். நூறடிச் சுருளில் ஏறக்குறைய 600 முதல் 700 சட்டம் (ஃபிரேம்) வரும், விரித்த இரண்டு பக்கம் ஒரு சட்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, தமிழ் அச்சுக்கென்றே ஒரு விஷயம். பழைய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி கடுகை விடச் சின்னது. அளவை அதிகமாகக் குறைத்தால், இல்லை வெளிச்சத்தைக் கூட்டினால், முதலில் போவது புள்ளிதான். கிராமக் கணக்கு ஏதாவது இருந்தால் இன்னும் கவனம், அதில் பழைய பின்னக் குறிகள் வரும். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. குறி மங்கினால் ஒருவருடைய நிலமே மாறிப்போகும். முதல் சுருள் வந்ததும் நீங்களே உட்கார்ந்து புள்ளிகளைப் பாருங்கள். எனக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த அண்ணன் அப்படித்தான் பார்க்கச் சொன்னார்.

மேகக்கணினி:

ஐயா, இன்னும் ஏன் ஃபிலிம்? ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் போதாதா?

பழைய கேமராக்காரர்:

தம்பி, ஸ்கேனும் வேண்டும், அதுதான் வாசகரிடம் போய்ச் சேரும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க ஆளும் பணமும் வேண்டும். ஒரு சின்ன நூலகத்தில் அந்த ஆள் ஓய்வு பெற்றால் என்ன ஆகும்? ஃபிலிமைப் படிக்க ஒரு லென்ஸும் விளக்கும் போதும். ஒருமுறை ஃபிலிம் எடுத்தால் அதிலிருந்தே ஸ்கேன் செய்துகொள்ளலாம், கட்டை இரண்டாம் முறை விரிக்க வேண்டாம்.

வடமராட்சி வாசகன்:

அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 1981இல் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. டச்சுக் கொம்மாண்டர் ஸ்வார்டகுரோன் 1697இல் யாழ்ப்பாணம் பற்றி எழுதிய குறிப்பை இன்றைக்கும் படிக்கிறோம். ஏனென்றால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொழும்பு அரசு அச்சகம் 1911இல் போட்டது, பிரதிகள் பல இடங்களில் கிடந்தன. எரிந்த எங்கள் நூலகத்தில் ஒற்றையாய் இருந்த ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் திரும்பவில்லை. ஐயா சொன்னது போல் மாஸ்டரை வேறு ஊரில் வையுங்கோ. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏட்டுச்சுவடு:

இன்னொன்று அக்கா. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உங்கள் இருபத்து மூன்று கட்டில் எந்தெந்த வருடம் இருக்கிறது என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இல்லாததை முதல் சுருளில் போடலாம். வேண்டுமானால் பட்டியலை அனுப்புங்கள், அடுத்த வாரம் அங்கேதான் இருப்பேன், பார்த்துச் சொல்கிறேன்.

வைகைக்கரை நூலகர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று குழுவில் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். யாழ்ப்பாணத் தம்பியின் பதிலுக்குப் பிறகு கழிப்பது பற்றி யாரும் பேசவில்லை. நெல்சனுக்கு மறுபதிப்பு ஒன்று, மீதிப் பணம் முழுக்க கெஜட் கட்டுகளுக்கு என்று முடிவாகியிருக்கிறது. மாஸ்டரை வைக்கத் திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தைக் கேட்டிருக்கிறோம். ஏட்டுச்சுவடு, பட்டியலைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். 1877, 78 இரண்டையும் மேலே போட்டிருக்கிறேன், அவற்றை முதலில் பாருங்கள். கேமராக்கார ஐயா, முதல் சுருள் வந்ததும் சொல்கிறேன். புள்ளி பார்க்க ஒருநாள் நீங்களும் வந்து உட்கார முடியுமா?