சயின்டிஸ்ட் நூலகம்: பழைய விடைதானே வரணும், சீட்டில் ஏன் தப்பு?

பூக்கணக்கு:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு ரூபி என்ற நிரல்மொழியில் பில் மென்பொருள் பார்க்கிறேன். விவசாயி கணக்கை முடிக்கிற ஃபங்ஷனைத் திருத்தி எழுதினேன். நேராக மாற்றப் பயம். அதனால் பழைய கோடையும் புதிய கோடையும் ஓட்டி, விடைகளை ஒப்பிட்டு, பழையதின் விடையை மட்டும் வெளியே தரும் கிட்ஹப்காரர்களின் சயின்டிஸ்ட் நூலகத்தைப் (ஆயத்த நிரல் தொகுப்பு) போட்டு, பழையதை 'யூஸ்' பிளாக்கிலும் புதியதை 'ட்ரை' பிளாக்கிலும் வைத்தேன். எப்படியும் பழைய விடைதானே வெளியே வரும் என்று ஒரு தைரியம்.

நேற்று விடியற்காலை, மல்லி போட்ட ஒருவருக்கு முன்பணப் பாக்கி 4000, பிடித்தம் 500. சீட்டில் பாக்கி 3000! "3500 தானப்பா இருக்கணும்" என்று அவரேதான் திருப்பிக் கொண்டுவந்தார். அடுத்தவருக்குச் சீட்டு சரி, பேரேட்டில் 500 கூடுதலாகக் கழிந்திருக்கிறது. ஒன்றும் புரியவில்லை.

ரூபி_கிறுக்கன்:
பேரேட்டில் எழுதுவதும் அந்த ஃபங்ஷனுக்குள்ளேயா தம்பி?

பூக்கணக்கு:
ஆமாண்ணே. இரண்டிலும் கடைசி வரி அதுதான்.

ரூபி_கிறுக்கன்:
அங்கேதான் கோளாறு. சயின்டிஸ்ட் இரண்டையும் நிஜமாகவே ஓட்டும். புதியது எரர் அடித்தால் விழுங்கிவிடும், ஆனால் அது டேட்டாபேஸில் எழுதுவதைத் தடுக்காது. எது முதலில் ஓடும் என்பதும் குலுக்கல். பழையது முந்தினால் சீட்டில் 3500 வரும், பிறகு புதியது இன்னொரு 500-ஐக் கழிக்கும். புதியது முந்தினால் பழையதே 3500-இல் தொடங்கி 3000 என்று தரும். இரண்டு வழியிலும் பேரேடு 3000தான். தரவை மாற்றாத கோடுக்குத்தான் இது என்று அதன் விளக்கக் கோப்பான ரீட்மீயிலேயே இருக்கிறது, யார் படிக்கிறோம்!

பிளாக்குகளுக்குள் கணக்கு மட்டும் இருக்கட்டும். வந்த விடையை வைத்து வெளியே ஒரே தடவை எழுது. அதுவரை, சோதனை ஓடணுமா என்று சொல்லும் 'எனேபிள்ட்' பொய் (false) என்று திருப்பட்டும், புதியது ஓடாது.

பூக்கணக்கு:
பிரித்துவிட்டேன். இப்போது இரண்டு விடையும் ஒத்துப்போகாத மிஸ்மேட்ச் ஒரே வகைதான். 3.250 கிலோ, கிலோ 450, ஆக 1462.50. பழையது 1463 என்கிறது, புதியது 1462. இரண்டு விடையும் ஒன்றா என்று பார்க்கும் 'கம்பேர்' பிளாக்கில் ஒரு ரூபாயைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

பழையகோடு:
விடாதீங்க. பழையது அரையைக் கூட்டி 'ஃப்ளோர்' எடுக்கும் (பின்னத்தை வெட்டிவிடும்), புதியதில் 'ஹாஃப் ஈவன்' (சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போவது) வைத்திருப்பீர்கள். அந்த ஒரு ரூபாய் பூ போட்டவருடையது. 'கம்பேர்' எல்லாம் வரிசை மாறி வரும் பட்டியல் மாதிரி விஷயத்துக்கு.

பூக்கணக்கு:
ஹாஃப் ஈவன்தான். எடுத்துவிட்டேன். நல்லவேளை, சோதனை முடிவுகளைப் பதிய நான் எழுதிய 'பப்ளிஷ்' ஒவ்வொரு ஓட்டத்தையும் சீட்டு எண்ணோடு பதிந்திருக்கிறது. அதை வைத்து இரட்டைப் பிடித்தத்தை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.