அடுத்த அறையை எழுப்பாத டின் விசில்: எனக்குக் கிடைத்த விதம்

சத்தம் குறைவாக, ஆனால் இனிமையாக ஒலிக்கும் கைவேலை டின் விசில் (ஆறு துளை உள்ள சின்ன உலோக ஊதுகுழல்) யாருக்காவது கிடைத்திருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குக் கிடைத்தது. இரண்டு வருடம் தேடிக் கிடைத்தது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு வாசிக்க நேரம் இரவு பத்து மணிக்கு மேல்தான், மகள் தூங்கிய பிறகு. முதலில் வாங்கியது கம்பெனி விசில். பித்தளைக் குழாய், பிளாஸ்டிக் வாய், டி சுருதி. நம் கணக்கில் இரண்டு கட்டை. கீழ் ஸ்தாயியில் அதைக் குறை சொல்ல முடியாது. மேல் ஸ்தாயியில் பஞ்சமத்தைத் தாண்டினால் போதும், கதவைச் சாத்தியிருந்தாலும் குழந்தை புரண்டு படுப்பாள்.

மெதுவாக ஊதிப் பார்க்கலாமே என்று தோன்றும். இந்த வாத்தியத்தில் அது நடக்காது. இருப்பது ஆறே துளை. மேல் ஸ்தாயிக்கும் கிட்டத்தட்ட அதே விரல்கள்தான்; மூச்சை அழுத்தினால்தான் குரல் மேலே ஏறும், தளர்த்தினால் கீழ் ஸ்தாயிக்கே விழுந்துவிடும். டி விசிலின் அடி ஸ்வரமே 587 ஹெர்ட்ஸ், உச்சி 2349. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது சுமார் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. நாம் பலமாக ஊத வேண்டிய ஸ்வரங்கள் போய் நிற்பது சரியாக அந்த வாசலில்.

எல்லோரும் செய்கிற வைத்தியங்களை நானும் செய்தேன். பிளாஸ்டிக் வாயின் அடியில் இருக்கும் பள்ளத்தைச் சுவரொட்டி ஒட்டும் களிமண் போன்ற பசையால் நிரப்பினேன். கரகரப்பு குறைந்தது, சத்தம் அப்படியே இருந்தது. பிறகு வாய்க்குச் சற்றுக் கீழே காற்று வெளியேறும் துளையின், அதாவது ஜன்னலின், ஒரு ஓரத்தில் மெல்லிய டேப் ஒட்டினேன். சத்தம் அடங்கியது, கூடவே குரலின் உயிரும் போய்விட்டது. தொண்டை கட்டியவர் பாடுவது போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கைவினைக் கண்காட்சியில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். மேசையில் துணி விரித்துப் பத்துப் பன்னிரண்டு விசில்கள். சத்தம் குறைவானது வேண்டும் என்றேன். உடனே எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. "யாருக்குக் கேட்கக் கூடாது?" என்றார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மெலிந்த பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்தார். டி விசிலின் உள்விட்டம் வழக்கமாக 12 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் எடுத்தது அதைவிடச் சற்றுக் குறுகலானது. குழாய் குறுகினால் மேல் ஸ்தாயி குறைந்த மூச்சிலேயே எழுந்துவிடும், ஆகவே அலறாது என்று விளக்கினார்.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். விசிலின் வாய்க்குள் இருந்த மரக்கட்டையை ஒரு குச்சியால் தள்ளி வெளியே எடுத்தார். பாதிச் சாக்குக்கட்டி அளவுதான் இருக்கும், தேவதாரு மரம். அதன் மேல்முகத்துக்கும் குழாயின் கூரைக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகத்தான் மூச்சு போகிறது. அந்த இடுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பிளேடால் கட்டையின் முகத்தை ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். விரல் நுனியில் பவுடர் மாதிரி தூள். கட்டையைத் திரும்பப் பொருத்தி ஒரே ஸ்வரம் ஊதினார், கண்ணை மூடிக்கொண்டார், மறுபடியும் வெளியே எடுத்தார். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை ஊதியபோது ஸ்வரத்தின் தொடக்கத்தில் இருந்த 'ஃப்' என்ற காற்றுச் சத்தம் கரைந்து போயிருந்தது. கைவேலை என்பது எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. குழாயைத் துளைக்க இயந்திரம் போதும், அந்த இடுக்குக்குக் காது வேண்டும்.

குறையையும் அவரே சொன்னார். அடி ஷட்ஜம் மென்மையாகத்தான் பேசும், கொஞ்சம் அழுத்தினால் மேல் ஷட்ஜத்துக்குத் தாவிவிடும். நாலு பேரோடு சேர்ந்து வாசிக்க இது உதவாது என்றார். வாங்கும் முன்பே இதைச் சொன்னதற்காக அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன். அடுத்த அறையில் நின்று கேட்ட மனைவி சொன்னாள்: "கேக்குது. ஆனா யாரோ ரெண்டு தெரு தள்ளி வாசிக்கிற மாதிரி இருக்கு."

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் வந்து சேர்ந்தது வேறு வழியில்: கூம்பு விசில்.

தகரத் தகட்டைச் சுருட்டி, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் செய்து, வாயில் மரக்கட்டை வைத்த விசில் அது. இங்கிலாந்தில் விவசாயத் தொழிலாளியாக இருந்த ராபர்ட் கிளார்க் 1843ல் செய்யத் தொடங்கிய வடிவம். டின் விசிலுக்கு 'டின்' என்ற பெயர் பொருந்துவது இதற்குத்தான். இன்றைக்கு நாம் வாசிப்பவற்றில் பாதி பித்தளை. எனக்குக் கிடைத்தது ஒருவர் கையால் சுருட்டிப் பற்றவைத்தது, பின்பக்கம் விரலால் தடவினால் தையல் மாதிரி அந்த இணைப்பு தட்டுப்படும். குரலில் காற்று கலந்திருக்கும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அந்தக் காற்றுதான் உயிர், புல்லாங்குழலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற குரல்.

வந்த புதிதில் மூச்சை விழுங்கியது, ஒரு வரி முடிவதற்குள் திணறும். இடுக்கின் மேல்தகட்டைக் கட்டைவிரலால் மயிரிழை அளவு கீழே அழுத்தினேன். மூச்சுச் செலவும் குறைந்தது, சத்தமும் குறைந்தது. செய்து பார்ப்பவர்கள் பொறுமையாகச் செய்யுங்கள், அழுத்தியதைத் திரும்ப நிமிர்த்துவது பெரிய பாடு.

* * *

நான் மூன்றாவது ஆள். சுருதியை இறக்கிப் பாருங்கள் என்பேன். டி-க்குப் பதிலாக அதைவிடக் கீழே இருக்கும் பி ஃபிளாட் அல்லது ஏ சுருதி விசில். சத்தத்தின் அளவு குறையாவிட்டாலும் காதைக் குத்தாது. 1970களில் பெர்னார்ட் ஓவர்ட்டன் அலுமினியத்தில் கையால் செய்த லோ டி விசில் இன்னும் இதமானது, முழுதாக ஒரு ஸ்தாயி கீழே. ஆனால் துளைகளுக்கு இடையே தூரம் அதிகம். விரல் நுனிக்குப் பதில் நடுக்கணுவால் மூட வேண்டியிருக்கும். என் கை சிறியது, ஏ-யோடு நின்றுவிட்டேன்.

* * *

முதலில் எழுதியவன் மறுபடியும். குறுகலான இடுக்கில் ஈரம் சேர்ந்து குரல் அடைக்காதா என்று தனிச் செய்தியில் கேட்டிருக்கிறார்கள். அடைக்கும். குளிர்ந்த குழாய்க்குள் சூடான மூச்சு போனால் நீர்த்துளி கோக்கத்தான் செய்யும். அடைத்தால் ஜன்னலை விரலால் மூடிக்கொண்டு ஒரு தடவை பலமாக ஊதுங்கள், துளி வெளியே வந்துவிடும். வாசித்து முடித்ததும் உடனே உறையில் போடாதீர்கள், மரக்கட்டை ஈரத்தில் உப்பினால் இடுக்கே மாறிப்போகும். வாசிக்கும் முன் விசிலைச் சூடாக்கிக்கொள்வது எல்லாவற்றையும் விட நல்லது. மகளைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கும்போதே அதைச் சட்டைக்குள் செருகிக்கொள்வேன். அவள் தூங்குவதற்குள் குழாய் வெதுவெதுப்பாகிவிடும்.