பின்மதில் பல்கலைக்கழகத்துக்கு நம் ஒழுங்கையின் பதில்

செயலாளர், மாலை 6.10
அனைவருக்கும் வணக்கம். நம் ஒழுங்கையின் பின்மதிலுக்கு அப்பால் உள்ள பல்கலைக்கழகம், அயலில் வசிப்பவர்களுக்குத் தான் என்ன செய்யலாம் என்று கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும். கடிதம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்திருப்பதால், அதன் சாரத்தை மேலே குரற்பதிவாகப் போட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுக் கருத்தை எழுதுங்கள். காலை வணக்கப் படங்களை நாளைக்கு மட்டுமாவது தவிர்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் அன்ரி, 6.24
தம்பி, அவர்கள் நம்மிடம் கேட்பதற்கு முன் நாம் அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சென்ற வருடம் டெங்கு பரவிய மாதத்தில் வெள்ளை மேலங்கி அணிந்த மாணவர்கள் நால்வர் வந்து, என் செவ்வரத்தைச் சாடியின் அடித்தட்டில் டோர்ச் அடித்துப் பார்த்து, அதில் தேங்கிய நீரைச் சிறு குழாயால் உறிஞ்சிப் போத்தலில் அடைத்து, என் வீட்டு இலக்கத்தை அதில் ஒட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கக் கேள்விக்கொத்தையும் நிரப்பிக் கொடுத்தேன், தேநீரும் கொடுத்தேன். அந்தப் போத்தலில் நுளம்புக் குடம்பி இருந்ததா, இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை.

லிகிதர் ஐயா, 6.41
டீச்சரின் குறை நியாயமானதுதான். ஆனால் எல்லா இடத்திலும் அப்படியில்லை. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரிதான் இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம். அதன் பேராசிரியர் பிரிவுகள் தேசிய வைத்தியசாலையிலும் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் இயங்குகின்றன. என் பேரனை அங்கே வைத்திருந்தபோது கட்டிலைச் சுற்றிப் பத்து மாணவர்கள் நின்றது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பேராசிரியர் அவர்களுக்கு விளக்கியதைக் கேட்ட பிறகே பிள்ளையின் நோய் இன்னதென்று எங்களுக்கும் விளங்கியது. அங்கே கொடுக்கல் வாங்கல் கட்டிலருகிலேயே முடிந்துவிடுகிறது. கணக்கெடுக்க வருகிறவர்களிடம் வாங்கல் மட்டுமே இருக்கிறது.

மருமகன் (பிலடெல்பியா), 6.58
மாமா, இங்கே இப்போது காலை. வேலைக்குப் போகும் வழியில் எழுதுகிறேன். ஐயா சொன்ன கொடுக்கல் வாங்கலைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. 1992இல் தொடங்கிய அதன் சமூகக் கூட்டுறவு மையம் இன்று நெற்றர் மையம் என்று அழைக்கப்படுகிறது. பல்கலைக்கழக மாணவர்கள் மேற்குப் பிலடெல்பியாவின் அரசுப் பாடசாலைப் பிள்ளைகளுடன் சேர்ந்து உணவு, சுகாதாரம், சுற்றுச்சூழல் போன்றவற்றைப் பாடமாகவே படிக்கிறார்கள், அதற்குப் புள்ளியும் உண்டு. சில பாடசாலைகள் மாலையிலும் திறந்திருந்து அயலவர்களுக்குப் பயன்படுகின்றன.

ஆனால் இதைத் தருமமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1960களில் நகரப் புனரமைப்பு என்ற பெயரில், பல்கலைக்கழகமும் அயல் நிறுவனங்களும் விரிவடைவதற்காகப் பிளாக் பாட்டம் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு முழுவதும் இடிக்கப்பட்டது. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை.

போர்டிங் அக்கா, 7.05
இடிக்காமலும் வெளியேற்றலாம், தம்பி. பல்கலைக்கழகம் பெருத்த பிறகு நம் ஒழுங்கையில் அனெக்ஸ்களைக் குடும்பங்களுக்குக் கொடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஓர் அறையில் நான்கு கட்டில் போட்டுக் கட்டிலுக்கு இவ்வளவு என்று வாங்குவதுதான் இலாபம். நானும் அதைத்தான் செய்கிறேன், மறைக்கவில்லை.

மருமகன் (பிலடெல்பியா), 7.16
அதேதான் அக்கா. 2001இல் பல்கலைக்கழகத்தின் ஆதரவுடன் பென் அலெக்சாண்டர் என்ற அரசுப் பாடசாலை இங்கே திறக்கப்பட்டது. பாடசாலை நன்றாக நடந்தது, அதனாலேயே அந்த எல்லைக்குள் வீட்டு விலை ஏறியது. 2013 ஜனவரியில் பாலர் வகுப்பில் இடம் பிடிப்பதற்காகப் பதிவுக்குச் சில நாள் முன்பே பெற்றோர் குளிரில் வரிசையில் நின்றார்கள், பிறகு குலுக்கல் முறை வந்தது. பழைய குடித்தனக்காரர் பலருக்கு அந்த எல்லை எட்டாததாகிவிட்டது. 2020இல் நகரப் பாடசாலைகளின் ஈயம், கல்நார் ஆபத்தை நீக்கப் பத்து ஆண்டுகளில் 10 கோடி டொலர் தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. பல்கலைக்கழகத்துக்குச் சொத்து வரி விலக்கு இருப்பதைச் சுட்டிக்காட்டி, பதிலாகப் பாடசாலைகளுக்குப் பணம் கொடு என்று மக்கள் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

லிகிதர் ஐயா, 7.24
நம் பக்கத்துப் பல்கலைக்கழகம் அரச மானியத்தில் நடப்பது, அதனிடம் பணம் கேட்டுப் பயனில்லை. இடமும் ஆளும் அதனிடம் இருக்கின்றன, அவற்றைக் கேட்போம்.

செயலாளர், 8.02
வரைவு இது. பிழை இருந்தால் திருத்துங்கள்.

“எங்கள் வீடுகளில் மாணவர்கள் நடத்தும் எந்தக் கணக்கெடுப்பின் முடிவும், அது முடிந்து மூன்று மாதத்துக்குள், நாங்கள் வாசிக்கக்கூடிய தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் எங்களுக்குத் தரப்பட வேண்டும். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழியாக இருப்பதால், இனி வரும் கடிதங்களும் தமிழில் வருவதையே எதிர்பார்க்கிறோம். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில், வீட்டில் படிக்க மேசையில்லாத எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் வாசிப்பறையில் மாலை ஆறு முதல் ஒன்பது வரை இருபது இருக்கைகளை ஒதுக்கித் தர வேண்டுகிறோம். புதிதாக மாணவர்களைச் சேர்க்கும்போது விடுதி இடத்தையும் கூட்டினால், எங்கள் ஒழுங்கையில் குடும்பங்களுக்கு வீடு மிஞ்சும்.”

போர்டிங் அக்கா, 8.09
கடைசி வசனம் என் வயிற்றில் அடிக்கிறது. இருந்தாலும் விடுங்கள், உண்மைதானே. வாசிப்பறைக்குப் பின்மதில் சிறு கதவைத் திறக்கச் சொல்லியும் எழுதுங்கள். பிரதான வாயிலால் சுற்றிப் போனால் பிள்ளைகள் இருட்டில் பெரிய வீதியைக் கடக்க வேண்டியிருக்கும்.

டீச்சர் அன்ரி, 8.13
முதல் வசனத்துடன் என் வீட்டு இலக்கத்தையும் சேர்த்துவிடு தம்பி. போத்தலில் அதுதான் ஒட்டியிருக்கிறது.

செயலாளர், 8.15
கதவையும் இலக்கத்தையும் சேர்த்துவிட்டேன். சிங்களப் பிரதியை இரண்டாம் மாடி மகள் நாளைக்குள் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வியாழன் மாலை ஏழு மணிக்குக் கீழ்த்தளத்தில் கையொப்பம் வாங்குவேன், எல்லோரும் வாருங்கள்.